எத்தனை டால்டன் என்று எழுதுங்கள்

அழகுசாதனப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு ஃபார்முலா எழுதும் வேதியியலாளர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்குக் கோதுமை அலர்ஜி. போன வாரம் வாங்கிய கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கத்தை மொபைலில் படம் பிடித்து, பெரிதாக்கிப் படித்தேன். ஏழாவது பெயர்: 'ஹைட்ரலைஸ்டு வீட் புரோட்டீன்', அதாவது சிறு துண்டுகளாக உடைத்த கோதுமைப் புரதம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிக் கேட்டால், "முழுக்க இயற்கையானது, பயம் வேண்டாம்" என்று பதில் வந்தது. அவளுக்கு ஆகாத கோதுமையும் இயற்கையானதுதானே!

தாவரப் புரதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயம் போட்டுப் போட்டு நாராகிப்போன என் முடியைத் தேற்றியதே கோதுமைப் புரதம்தான். சிறு துண்டுகளாக உடைத்த புரதம் சேதமான முடியில் ஒட்டி, மெல்லிய படலமாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. சீப்பு சிக்காமல் இறங்குகிறது. சோயா, அரிசிப் புரதங்களுக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். பெரும்பாலானோருக்கு இவற்றால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆனால் புரதத்தை எவ்வளவு சிறிதாக உடைத்தீர்கள் என்பது முக்கியம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பால் 2,000-க்கும் மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் நிம்மதியாகச் சாப்பிட்டு வந்தவர்கள். அந்தப் புரதத்தில் பெரிய துண்டுகள் மிச்சமிருந்தன. தினமும் முகம் கழுவுகையில் அவை தோல் வழியாகவும், கண், மூக்கின் ஈரச் சவ்வு வழியாகவும் உள்ளே போயின. பிறகு கோதுமை சாப்பிட்டால் இமை வீங்கியது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தானது. 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். கோதுமைப் புரதத் துண்டுகளின் சராசரி மூலக்கூறு எடை 3,500 டால்டனை (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு; துண்டு பெரிதானால் எண்ணும் கூடும்) தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் விதி போட்டது.

உங்கள் புரதம் எத்தனை டால்டன் என்ற எண்ணை லேபிளில் போடுங்கள். எந்தத் தாவரம் என்பதையும் எல்லோருக்கும் புரியும் பெயரில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் எழுதுங்கள். எக்ஸிமாவால் தோல் வெடித்த குழந்தைகளுக்கான க்ரீமில் உணவுப் புரதம் சேர்ப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்; கழுவிவிடும் ஷாம்பு வேறு, வெடிப்பில் மணிக்கணக்காக ஊறும் க்ரீம் வேறு.

புரதம் விற்பவர்களிடம் கேட்டால் அந்த எண் உங்களுக்குக் கிடைத்துவிடும். லேபிளை மாற்ற நாளாகும் என்றால், அதுவரை கேட்பவர்களுக்காவது சொல்லுங்கள். என் பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்