கூடத்து ஊஞ்சலும் புது டர்ன்டேபிளும்

மன்னார்குடி,
தை கடைசி வாரம்

மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சம்பா அறுப்பு நேற்றுதான் முடிந்தது, அதுவரை உட்கார்ந்து எழுத நேரமில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக ஆயிற்று. பேப்பரில் பொடி எழுத்துகூடக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறதாம், உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

நீ கும்பகோணத்து வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது பெரிய சந்தோஷம். ஓய்வுப் பணத்தில் மூன்று லட்சம் ஒதுக்கி, எல்.பி. கேட்க டர்ன்டேபிள் வாங்குவது ஒரு தடவை, உசத்தியாக வாங்கிவிடலாம், எது என்று சொல் என்று கேட்டிருக்கிறாய். உசத்தியாகவே வாங்கு. ஆனால் மூன்று லட்சத்தையும் டர்ன்டேபிளிலேயே கொட்டிவிடாதே. பாதிக்கு மேல் அதற்குப் போகவேண்டாம். மீதி ஊசிக்கும், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் போனோ ஆம்ப்ளிஃபயருக்கும், அது உட்காரும் இடத்துக்கும் வேண்டும்.

முதலில் உன்னிடம் இருக்கிற ரெக்கார்டுகளைப் பார். அந்த நாற்பது எல்.பி.யும் மைக் செட்காரரிடம் மொத்தமாக வாங்கியவை என்கிறாய். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் விடிய விடிய ஓடியிருக்கும். கனத்த ஊசி, அதையும் தேயத் தேய மாற்றியிருக்கமாட்டார்கள். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடி. கறுப்புப் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தாற்போல் வளையம் வளையமாகத் தெரிந்தால் அங்கே வரிப்பள்ளத்தின் சுவர் தேய்ந்திருக்கிறது. அது எந்த மெஷினிலும் திரும்பி வராது. பத்தோ பதினைந்தோ நல்லதாகத் தேறினால் போதும், அவற்றை வைத்து முடிவு செய்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். நாம் கேட்பது நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும். ராஜரத்தினம் பிள்ளை ஒரு ஸ்வரத்தில் நின்று நீட்டும்போது தட்டின் வேகம் இம்மியளவு ஆடினாலும் காது கண்டுபிடித்துவிடும். தம்புரா பின்னால் ஓடும்போது இன்னும் மோசம். பியானோவுக்கு அடுத்தபடி இந்த விஷயத்தில் இரக்கமில்லாதது நம் கார்வைதான் என்பது என் எண்ணம். அதனால்தான் உனக்கு டைரக்ட் டிரைவ், அதாவது பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுற்றுவது, சொல்கிறேன். டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 வந்தது 1972இல். 2010இல் நிறுத்தினார்கள், 2016இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போதுள்ள 1200ஜிஆர்2 உன் கணக்குக்குள் வருமா என்று விசாரித்துப் பார். அதே கம்பெனியின் 1500சி இன்னும் எளிது, போனோ ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறது. ரேகா பிளானர் 3 பெல்ட்டில் ஓடுவது, அதன் சத்தத்தில் ஒரு துள்ளல் உண்டு, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அதில் ஓடாது. 33இலிருந்து 45க்குப் போகவே தட்டு உட்காரும் பிளாட்டரைத் தூக்கி பெல்ட்டை நகர்த்தவேண்டும். உன் தாத்தாவின் அரக்குத் தட்டுகள் பரணில் இருக்கின்றனவே! நான் சொன்ன இரண்டு டெக்னிக்ஸிலும் 33, 45 பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் 78 வந்துவிடும்.

அந்த 78க்கு மட்டும் தனி ஊசி வாங்கு. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், பழைய தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரான் வரை வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் அழுக்கில் உரசிக்கொண்டு போகும், இரைச்சல்தான் கேட்கும்.

எல்.பி.க்கு ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜில், அதாவது ஊசி மாட்டும் தலையில், ஆரம்பி. கை பழகினதும் ஊசியை மட்டும் கழற்றி ப்ளூ ஊசி மாட்டிக்கொள்ளலாம், உடல் ஒன்றுதான். எம்.சி. (மூவிங் காயில்) வகைக் கார்ட்ரிட்ஜ் இப்போது வேண்டாம். அதிலிருந்து வரும் மின்சாரம் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாது, அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர் தேட வேண்டிவரும். ஊசி போனால் பெரும்பாலும் முழுதாக மாற்றவேண்டும். 2எம் ஊசி தட்டின்மேல் அழுத்தவேண்டிய எடை 1.8 கிராம். ஆசாரி நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள். தட்டு தேயக்கூடாதே என்று எடையைக் குறைத்து வைக்காதே. ஊசி பள்ளத்துக்குள் நிலைகொள்ளாமல் குதித்துச் சுவரை அடிக்கும், தேய்மானம் கூடத்தான் செய்யும். மூன்று வருஷம் நான் அப்படித்தான் செய்துவந்தேன். நல்ல எல்.பி. இரண்டு கெட்டபிறகுதான் தெரிந்தது.

அப்புறம் இடம். கூடத்தில் பீரோ மேல் வைக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். உன் வீட்டுக் கூடத்து ஊஞ்சலை மறந்துவிட்டாயா? யாராவது உட்கார்ந்து காலால் ஒரு உந்து உந்தினால் சங்கிலி விட்டத்தை இழுக்கும், பீரோ கதவுகூட முனகும். ஊசி படிப்பது தலைமயிரைவிட மெல்லிய அசைவை. தெருவில் டவுன் பஸ் போனாலே அதற்குத் தெரியும். விட்டம் வந்து இறங்காத சுவர் ஒன்று உன் வீட்டில் இருக்கிறது, முற்றத்துக்கு அந்தப் பக்கம், மாடக்குழி உள்ள கனத்த செங்கல் சுவர். அதில் ஒரு கடப்பாக் கல்லைப் பதித்து, கொத்தனாரை ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல். அதன்மேல் மெஷின் உட்காரட்டும். ஸ்பீக்கர் அதே கல்லில் வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ரெக்கார்டு உறை அட்டைகள் பூசணம் பூக்கும். கஜா புயலில் எங்கள் ஓடு பறந்து அலமாரிக்குள் தண்ணீர் வந்தபோது அட்டையெல்லாம் கூழாகி ஒட்டிக்கொண்டது, வினைல் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கழுவினேன், இன்றும் பாடுகின்றன. கழுவ போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிக்கொள். 78 தட்டில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். புது மெஷினிலும் ஸ்ருதி மெல்ல ஏறி இறங்குவதுபோல் கேட்டால் உடனே அதைக் குறை சொல்லிவிடாதே. ஊசிக் கையைப் பார். 33இல் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி. ஒவ்வொரு சுற்றுக்கும் கை இடம் வலமாக ஆடினால் தட்டின் ஓட்டை நடுவில் இல்லை என்று அர்த்தம். பழைய தட்டுகளில் இது நிறைய உண்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். தராசையும் என்னிடமுள்ள ராஜரத்தினம் பிள்ளை தோடி 78 தட்டையும் எடுத்துவருகிறேன், ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். அதற்குள் கொத்தனாரைச் சுவரில் கைவைக்க விடாதே. நான் ஊஞ்சலை ஆட்டச் சொல்லிவிட்டு, அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்க்கவேண்டும்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்