இருமுறவர வெளிய அனுப்பிட்டா நோயும் கூடவே போயிருமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம் வீடில்லாதவங்க தங்குற ஒரு எடத்துல ராத்திரி ஷிப்ட் பாக்குறேன். இங்க வர்றவங்க நெறைய பேரு ஒரு காலத்துல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுனவங்க, தோட்டத்த வித்ததும் லயத்து வீட்ட காலி பண்ணிட்டு டவுனுக்கு வந்து கட முன்னாடி அஞ்சடி நடபாதையில அட்டைய விரிச்சு படுத்தவங்க.

போன மாசம் ஒரு அண்ணன் மூணு வாரமா இருமிக்கிட்டே கெடந்தாரு, ராத்திரி வேர்த்து சட்டையெல்லாம் நனஞ்சிரும், எளச்சு போயி கைலி இடுப்புல நிக்கல. நாங்க என்னா பண்ணோம்? அவரு தட்டு டம்ளர தனியா எடுத்து வெச்சோம், கொசு வருதுன்னு ஜன்னல மூடிட்டோம். டிபி, அதாவது காசநோய், தட்டுல ஒட்டாது, காத்துலதான் பரவும், ஜன்னலதான் தொறந்து வெச்சிருக்கணும், அவருக்கு ஒரு மாஸ்க் குடுத்திருக்கணும்னு பெறகுதான் தெரிஞ்சிச்சு. அதுக்குள்ள மேல இருக்கறவங்க, மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்னு அவர வெளிய அனுப்பிட்டாங்க.

நான் காலையில ஷிப்ட் முடிஞ்சு தேடிப் புடிச்சு கிளினிக்குக்கு கூட்டிட்டு போனேன். சளி டெஸ்ட், எக்ஸ்ரே எல்லாம் எடுத்து பாத்தா டிபியேதான். ஆறு மாசம் விடாம மாத்திர சாப்புடணும், பாதியில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காம போயிரும், ஒழுங்கா சாப்ட்டா ரெண்டு வாரம் போல ஆனதும் பெரும்பாலும் மத்தவங்களுக்கு பரவாதுன்னு நர்ஸ் சொன்னாங்க. படுக்க எடமில்லாத மனுசன் ஆறு மாசம் எப்படிங்க ஒழுங்கா மாத்திர சாப்புடுவாரு? நம்ம மலேசியாவுல 1988 தொற்றுநோய் சட்டப்படி டிபின்னா சுகாதார இலாகாவுக்கு தெரியப்படுத்தணும், ஆள தொரத்தணும்னு அதுல எங்கயும் இல்ல.

சொறி கதையும் இதேதான். அரிக்கிறவருக்கு மட்டும் க்ரீம் தடவுவாங்க, ஆனா மொத தடவ சொறி வர்றவங்களுக்கு அரிப்பு தெரியறதுக்கே சில வாரம் ஆகும், அதுக்குள்ள பக்கத்து மெத்தைக்கு போயிருது. எல்லாரும் ஒரே நாள்ல கழுத்துலருந்து கால் வரைக்கும் தடவி, துணி போர்வைய சுடுதண்ணியில அலசி, ஒரு வாரம் கழிச்சு மறுபடி தடவணும். எனக்கும் விரல் இடுக்குல வந்து வீட்டுல பேரனுக்கும் ஒட்டிக்கிச்சு, மருமக மூஞ்சிய பாக்க முடியல.

உள்ள வர்ற மொத நாளே "ரெண்டு வாரத்துக்கு மேல இருமலா?"ன்னு கேட்டு கிளினிக்குக்கு அனுப்பலாம், கட்டில தள்ளித் தள்ளி போடலாம், இதுக்கு பெரிய செலவு ஒண்ணும் இல்ல. வேல பாக்குற எங்களையும் செக் பண்ணுங்கன்னு ரெண்டு தடவ கேட்டாச்சு, பதில் வரல. அடுத்த வாரம் லீவு போட்டு நானே எக்ஸ்ரே எடுக்க போறேன்.

இப்படிக்கு,
பேராக் வாசகி ஒருத்தி