ஊட்டி ரயில் ஏன் மெதுவா போகுதுன்னு கேட்ட மருமகனுக்கு

மருமகனே,

மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர்தான, அதுக்கு ஏன் மாமா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், பஸ்ல ஏறுனா எப்பவோ போயிருக்கலாமேன்னு கேட்ட. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதுறேன். மெக்கானிக்கல் படிக்கிற பையன் நீ, உனக்கு இது தெரிஞ்சே ஆகணும்.

முதல்ல ஏத்தத்தைப் பாரு. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,203 மீட்டர். கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவுல சில இடத்துல 12 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறணும். ரோட்டுல ரப்பர் டயர் பிடிச்சுக்கும், ஆனா இரும்புச் சக்கரத்துக்கு இரும்புத் தண்டவாளத்துல அந்தப் பிடிமானம் கிடையாது, அதுலயும் மழை, பனி, இலைச்சருகு எல்லாம் சேர்ந்துச்சுன்னா அது வழுக்குமரம்தான். 100 டன் ரயில் அந்த ஏத்தத்துல பின்னாடி உருளாம நிக்கிறதுக்கே 8 டன் எடைக்கு மேல விசை வேணும், நீயே கணக்கு போட்டுப் பாரு.

இந்த லைன் போட 1854லயே பேச்சு ஆரம்பிச்சும் வேலை தொடங்க 1891 ஆனதுக்கு இந்த மலைதான் காரணம். சுவிட்சர்லாந்து இன்ஜினியர் ரோமன் ஆப்ட் கண்டுபிடிச்ச முறை வந்துதான் வழி பிறந்துச்சு. ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல பல் வெட்டுன ரெண்டு இரும்புப் பட்டை பக்கத்து பக்கத்துல ஓடும், ஒண்ணோட பல் இருக்கிற இடத்துல இன்னொண்ணுக்கு பள்ளம் இருக்கும். அதனால இன்ஜினுக்கு அடியில இருக்கிற பல்சக்கரம் ஒரு பல்லை விடுறப்பவே அடுத்ததை பிடிச்சிருக்கும், பிடி விட்டுப்போற நொடியே கிடையாது. எவ்வளவு எளிமையான யோசனை பாரு! 1899ல குன்னூர் வரைக்கும் ரயில் வந்துச்சு, 1908ல ஊட்டிக்கு.

இன்ஜின்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. எக்ஸ் கிளாஸ்னு சொல்வாங்க, நாலு சிலிண்டர். பாய்லர்ல இருந்து வர்ற நீராவி முதல்ல கீழ இருக்கிற ரெண்டு சிலிண்டர்ல சாதா சக்கரத்தை ஓட்டும், அங்க வேலை முடிச்சு பிரஷர் குறைஞ்சு வெளிய வர்ற அதே நீராவியை வீணாக்காம மேல இருக்கிற ரெண்டு சிலிண்டருக்கு அனுப்பி பல்சக்கரத்தை சுத்த வைப்பாங்க. சமதளத்துல பல்சக்கரத்துக்கு வேலை இல்ல, அப்போ நீராவி கீழ் சிலிண்டரோட வெளிய போயிடும். இப்போ திருச்சி பொன்மலை பணிமனையிலயே இந்த மாடல் இன்ஜினை புதுசா கட்டியிருக்காங்க, அதை நினைச்சா எனக்கு அவ்வளவு பெருமை.

ஏறும்போது இன்ஜின் முன்னாடி இழுக்காது, கடைசியில நின்னு தள்ளும். நடுவுல கொக்கி கழண்டாலும் பெட்டிங்க கீழ உருளாம இன்ஜின் மேலதான் சாயும். ஆனா டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னு தெரியாதே, அதனால முதல் பெட்டி முகப்புல ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோட நிப்பார். மத்த பெட்டியிலயும் ஆள் உண்டு, கைப்பிடியை சுத்திச் சுத்தி பிரேக் போடுவாங்க. சக்கரத்துக்கு ஒரு பிரேக், பல்லுக்கு ஒரு பிரேக். மழையோ வெயிலோ அவங்க அங்கதான் நிக்கணும். கூட்டம் ஜன்னல் வழியா அருவியை போட்டோ எடுக்குது, இவங்களை யாருமே பாக்கிறதில்லங்கிறது எனக்கு வருத்தம்தான்.

250 பாலம், 16 குகை, 208 வளைவு. இதுக்கெல்லாம் பாறை உடைச்ச கூலிக்காரங்கள்ல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? ஆப்ட் பேரு தெரியுது. 2005ல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்னு அறிவிச்சதும் தெரியுது. அவங்க பேரு மட்டும் இல்ல.

பல்தண்டவாளம் இருக்கிற இடத்துல மணிக்கு 13 கிலோமீட்டர் வேகம்தான். ஒவ்வொரு பல்லா பிடிச்சு ஏறணும், நடுவுல ஹில்குரோவ் ஸ்டேஷன்ல நின்னு இன்ஜின் தண்ணி குடிக்கணும், இதுக்கு மேல எப்படிப்பா வேகமா போறது?

நீ ஒருதடவை வந்தே ஆகணும். கல்லார் தாண்டினதும் பல்தண்டவாளம் தொடங்குற இடத்தைக் கவனி, அங்க ஆரம்பத் துண்டுக்கு கீழ ஸ்பிரிங் வச்சிருப்பாங்க, இன்ஜினோட பல்லு சரியா வந்து உக்காரணும்னு. குன்னூர்ல நீராவி இன்ஜினை கழட்டி டீசல் மாட்டுவாங்க, அப்போ இறங்கிப்போய் அந்த இன்ஜினுக்கு அடியில குனிஞ்சு பாரு. அந்த பிரேக்ஸ்மேன் யார்கிட்டயாவது நின்னு பேசு. ஐப்பசி கார்த்திகை மழையில மண் சரிஞ்சு லைனை மூடிடுவாங்க, அதனால பொங்கல் முடிஞ்சு வா, என்னிக்கு லீவுன்னு சொன்னா டிக்கெட்டை நான் இப்பவே போட்டுடுறேன்.

அன்புடன்,
மாமா