காரிமங்கலத்துத் தங்கைக்கு: ‘அருமை’ என்று மட்டும் எழுதாமல் இருக்க

அன்புள்ள தங்கைக்கு,

நீ தொடங்கிய வாட்ஸ்அப் கவிதைக் குழுவில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், கவிதை வந்து கொட்டுகிறது, ஆனால் யாரும் யாருடையதையும் படிக்கிற மாதிரி தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். வருவதெல்லாம் கைதட்டல் பொம்மை, ‘அருமை’, ‘சிறப்பு சகோ’. நன்றாக எழுதுகிற இரண்டு மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட்டார்கள் என்றும் வருத்தப்பட்டிருந்தாய். பாலக்கோடோ ஊத்தங்கரையோ ஓசூரோ, கவிதைக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்கிய எல்லா ஊரிலும் இதே பாடுதான். அதனால் உன் பெயர் போடாமல் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார். நாற்பது பேர் தினம் ஒன்று போட்டால் வாரத்துக்கு 280 கவிதை. ஒன்றுக்கு இரண்டே நிமிடம் என்றாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிறவர்களால் அது ஆகிற காரியமா? ‘அருமை’ போடுகிறவர் மேல் கோபப்படாதே. ‘படிக்க நேரமில்லை’ என்பதை மனம் நோகாமல் சொல்ல அவருக்குக் கிடைத்த சொல் அது. நீ குறைக்க வேண்டியது வரத்தை.

நாற்பது பேரை மூன்று வட்டமாகப் பிரி. ஒரு வட்டத்தில் 13 பேர், ஒன்றில் மட்டும் 14. வட்டத்துக்கு வாரம் மூன்று கவிதை: திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு கவிதைக்கும் மூன்று வாசகர்களை ஞாயிற்றுக்கிழமையே பெயர் சொல்லி அறிவித்துவிடு. இப்படிச் செய்தால் ஒருவருக்கு ஏறக்குறைய மாதம் ஒருமுறை தன் கவிதையைப் போடும் முறை வரும். அதே மாதத்தில் மூன்று முறை பிறர் கவிதைக்கு வாசகராக இருப்பார். மூன்று முறை படித்தவருக்குத்தான் அடுத்த முறை போட உரிமை. இந்த ஒரு விதியில் மட்டும் கறாராக இரு, மற்றதில் விட்டுக்கொடுக்கலாம். பிரிக்கும்போது சிநேகிதக் கூட்டத்தை ஒரே வட்டத்தில் போடாதே. யாப்பு தெரிந்தவர் ஒருவராவது ஒவ்வொரு வட்டத்திலும் இருக்கட்டும். பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் வாழ்த்து, தலைவர் பிறந்தநாள் கவிதை எல்லாம் பெரிய குழுவிலேயே ஓடட்டும். அங்கே ‘அருமை’ போதும்.

வாசகர் என்ன எழுத வேண்டும்? மூன்று விஷயம். மனதில் நின்ற வரியை அப்படியே எடுத்துப் போட வேண்டும். எந்த இடத்தில் தட்டியது, எங்கே மறுபடி படிக்க வேண்டியிருந்தது என்று சொல்ல வேண்டும். கடைசியாக, கவிதையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. ஐந்தாறு வரி போதும். மாற்று வரி எழுதித் தரக் கூடாது. அதை நினைத்தால்தான் எல்லோருக்கும் கை அரிக்கும். நீ எழுதித் தந்த வரி நல்ல வரியாகவே இருந்தாலும், அதற்கப்புறம் அந்தக் கவிதை அவருடையதாக இருக்காது. அவரும் அதோடு அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

ஒரு மாதிரி பார்ப்போம். இது இந்தக் கடிதத்துக்காக இட்டுக்கட்டியது, யாருடையதும் அல்ல:

மாந்தோப்பில் காத்திருக்கிறது
என் இதயம்
வியாபாரி வரவில்லை
கண்ணீர்த் துளிகளாய்
உதிரும் பிஞ்சுகள்
விவசாயியின் தீராத வலி

‘வலி மிகுந்த வரிகள், வாழ்த்துகள்’ என்று பத்து பேர் எழுதலாம். எழுதியவருக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒழுங்காகப் படித்த வாசகர் என்ன சொல்வார்? ‘வியாபாரி வரவில்லை’ என்ற வரிதான் நின்றது, ஏனென்றால் அங்கேதான் ஏதோ நடக்கிறது. ‘கண்ணீர்த் துளிகளாய்’ வந்ததும் கண் தாவிவிட்டது, எங்கோ படித்த மாதிரி இருந்தது. கடைசி வரியில் இருப்பதை அதற்கு முந்தைய வரியிலேயே உணர்ந்துவிட்டேன், திரும்பச் சொல்ல வேண்டுமா? அப்புறம் கேள்வி: இது எந்த வியாபாரி? பூவிலோ பிஞ்சிலோ தோப்பைப் பார்த்துக் குத்தகை பேச வருகிறவரா, காய் முற்றிய பிறகு மாங்கூழ் ஆலைக்கு லோடு ஏற்ற வருகிறவரா? பிஞ்சு உதிரும் காலத்தில் இரண்டாமவர் வரமாட்டாரே.

கிருஷ்ணகிரிப் பக்கத்து வாசகர் ஒருவரால்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். சென்னையில் ஆயிரம் பேர் இருக்கும் குழுவில் கிடைக்காதது உன் குழுவில் கிடைக்கும் என்றால் அது இதுதான். எழுதியவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு இப்படிக் கொண்டுவரக்கூடும்:

பிஞ்சு உதிர்கிறது
குத்தகைக்காரர் வண்டி
பக்கத்துத் தோப்போடு
திரும்பிவிட்டது

இதயமும் போய்விட்டது, கண்ணீரும் போய்விட்டது. உணர்ச்சியைப் பெயர் சொல்லாமல் காட்டும் இந்த வழி தகடூர்ச் சீமையில், அதாவது நம் தருமபுரிப் பக்கம், புதிதும் இல்லை. புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் ஔவையார் பகை மன்னன் தொண்டைமானின் ஆயுதங்களைப் பார்த்து மயிற்பீலி சூட்டி நெய் பூசிக் காவல் மாளிகையில் வைத்திருக்கிறார்கள் என்கிறார். தகடூர் மன்னன் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வீரம் என்ற சொல் பாட்டில் எங்கேயும் இல்லை.

மூன்று வாசகரும் எழுதி முடிக்கும் வரை, அதிகம் போனால் இரண்டு நாள், கவிஞர் வாய் திறக்கக் கூடாது. ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று தொடங்கிவிட்டால் வாசகர்கள் பின்வாங்கிவிடுவார்கள், ‘ஓ, இப்போது புரிகிறது, அருமை’ என்று முடித்துக்கொள்வார்கள். அந்த விளக்கம் கவிதைக்குள் இருந்திருக்க வேண்டும். இருவர் ஒரே இடத்தில் தட்டியது என்றால் கட்டாயம் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் கவிஞர் இஷ்டம்.

எழுத்துப்பிழையைப் பொதுவில் திருத்தாதே, தனிச்செய்தியில் அனுப்பு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிக்கொண்டு தமிழில் எழுதுகிறவர்கள் இருப்பார்கள். ல, ள தடுமாறினால் பத்து பேர் முன்னால் சொல்லாதே. பொதுவில் ஒருமுறை வெட்கப்பட்டவர் அதற்கப்புறம் படிக்க மட்டும் வருவார். குரல்வழித் தட்டச்சு செய்கிறவர்களுக்கோ ன, ண, ர, ற எல்லாமே மாறி விழும்; அவர்களுக்குத் தெரியாமல் வந்த பிழை அது.

கவிதைக்கு மேலே ஒரு வரி கட்டாயம்: ‘குறள் வெண்பா, முதல் வரைவு’, ‘ஹைக்கூ, இரண்டாம் வரைவு’ என்று. மரபா புதுக்கவிதையா என்ற சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிடும். ஹைக்கூ என்று போட்டதை எதுகை இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. இறந்துபோன அம்மாவைப் பற்றியோ குழந்தையைப் பற்றியோ எழுதுகிறவர் ‘கருத்து வேண்டாம்’ என்று போட்டுக்கொள்ளலாம். அப்படிப் போட்டால் யாரும் வரியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

பதிவிடும் முறையிலும் நிறையக் கெடுகிறது. சூரியன் மறையும் படத்தின் மேல் கவிதையை எழுதிப் போடாதீர்கள் என்று சொல். வாசகர் ஒரு வரியை எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், யார் செய்வார்கள்? வெறும் எழுத்தாக, ஒரே செய்தியாகப் போட வேண்டும். பெயரையும் அதே செய்தியின் அடியில் சேர்க்க வேண்டும். பெயர் தனிச் செய்தியாக இருந்தால், கவிதையை யாராவது முன்னனுப்பும்போது பெயர் இங்கேயே தங்கிவிடும். ஒரு மாதம் கழித்து அதே கவிதை யாரோ ஒருவர் பெயரில் திரும்பி வரும். வரி முதலில் சிறுகோடும் இடைவெளியும் போட்டால் வாட்ஸ்அப் அதைப் பட்டியல் புள்ளியாக மாற்றிவிடும். சொல்லுக்கு இரு பக்கமும் நட்சத்திரக்குறி போட்டால் தடித்த எழுத்தாகிவிடும். அனுப்பியதைத் திருத்த 15 நிமிடம்தான் உண்டு. எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர் போனில் நான்கு சீர் அடி இரண்டாக மடங்கி, எது அடி எது மடிப்பு என்றே தெரியாது. அடிக்கு அடி ஒரு வெற்று வரி விட்டால் தீர்ந்தது. பழைய பாமினி எழுத்துருவில் கணினியில் சேர்த்து வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். மாற்றியபின் துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ இருக்கிறதா, ‘ௌ’ வர வேண்டிய இடத்தில் கொம்பும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்க்கட்டும்.

குரல் பதிவு நல்லதுதான், வாசித்துப் பார்த்தால் அடி தவறாக முறிந்த இடம் தானே தெரியும். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கேட்பவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் எந்தக் கவிதையும் ஏலம் போடுகிற மாதிரிதான் கேட்கும்.

மாதம் ஒருமுறை ஈற்றடிப் பயிற்சி வை: கடைசி அடியை நீ கொடு, அதற்கு முன்னடியை அவர்கள் எழுதட்டும். ஒருவரையொருவர் உற்சாகப்படுத்த இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் ஒரே அடியோடு மல்லுக்கட்டுவதால் ‘நீ இந்த இடத்தை எப்படித் தாண்டினாய்?’ என்ற உண்மையான கேள்வி பிறக்கும். குறள் வெண்பாவில் தொடங்கு: முதலடி நான்கு சீர், ஈற்றடி மூன்று சீர், ஆக ஏழே சீர். சீர் அசைகளால் ஆனது. தனிக் குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும், நேரசை; இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்தால், ஒற்றோடு வந்தாலும், நிரையசை. ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா, நிரையில் முடிந்தால் விளம்; மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய். ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதிதான் தளை, அது மூன்று வரியில் அடங்கும்: மா முன் நிரை (மாவை அடுத்து நிரை வர வேண்டும் என்று பொருள்), விளம் முன் நேர், காய் முன் நேர். கடைசிச் சீர் நாள் (நேர்), மலர் (நிரை), அவற்றோடு உகரம் சேர்ந்த காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்று.

நீ ஈற்றடியாக ‘தென்பெண்ணை ஆற்றில் நுரை’ என்று கொடுக்கிறாய் என்று வை. தென்பெண்ணையில் ஓசூர்ப் பக்கம் உள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை மிதப்பதை எல்லோரும் பார்த்திருப்பதால் பொருளுக்குப் பஞ்சமிருக்காது. தென்/பெண்/ணை தேமாங்காய்; அடுத்து நேரில் தொடங்கும் ஆற்/றில் தேமா; அதற்கடுத்து நிரையில் தொடங்கும் நுரை, மலர். ஈற்றடி சரி. ஒருவர் இப்படி முடிக்கிறார்:

முன்னம் புதுவெள்ளம் பொங்கியதே இன்றைக்கோ
தென்பெண்ணை ஆற்றில் நுரை

முன்னம் தேமா, அதன் முன் ‘புது’ நிரை. புதுவெள்ளம் புளிமாங்காய், அதன் முன் ‘பொங்’ நேர். பொங்கியதே கூவிளங்காய், அதன் முன் ‘இன்’ நேர். இன்றைக்கோ தேமாங்காய், அதன் முன் ‘தென்’ நேர். முன், தென் என்று இரண்டாம் எழுத்து ஒன்றி எதுகையும் விழுகிறது. புதியவர்கள் வழுக்கும் இடம் முதலடியின் கடைசிச் சீர். ‘இன்றைக்கோ’ என்ற இடத்தில் ‘இன்று’ என்று போட்டுவிடுவார்கள். பொருள் கெடாது. ஆனால் இன்/று தேமா, அதன் முன் ‘தென்’ என்ற நேர் வந்து, வெண்பாவில் வரக் கூடாத ஆசிரியத்தளை ஆகிவிடும். இரண்டு அடிக்கும் இடையிலும் தளை பார்க்க வேண்டும் என்பதை முதல் மாதத்தில் பாதிப் பேர் மறப்பார்கள், ஒருவர் தப்பை ஒருவர் சுட்டிக்காட்டும்போது எல்லோருக்கும் பதியும். அவலோகிதம் என்ற யாப்பு மென்பொருளில் போட்டும் சரிபார்க்கலாம். சீர் பிரித்து எழுதிய இடம் தவறாக இருந்தால் அது காட்டும் தளையும் தவறாக இருக்கும். அதில் தேறியது எல்லாம் கவிதை என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, அவர்களை நீதான் சமாளிக்க வேண்டும்.

அப்புறம் அந்தத் தொகுப்பு நூல் விவகாரம். ‘உங்கள் கவிதை தேர்வாகியிருக்கிறது, கட்டணம் இவ்வளவு, கவிச்சான்றிதழும் உண்டு’ என்று வரும் அழைப்பைக் குழுவில் போட்டுக் கேட்டிருந்தாய். காசு அனுப்புமுன் கேட்க வேண்டியவை: யார் தேர்ந்தெடுத்தார், எத்தனை கவிதை நிராகரிக்கப்பட்டது, எத்தனை படி அச்சடிக்கிறார்கள், எழுதியவருக்கு எத்தனை படி, அச்சுக்கு முன் மெய்ப்பு பார்க்கத் தருவார்களா. எதையும் நிராகரிக்காத தொகுப்பில் இடம் கிடைப்பது பாராட்டு ஆகாது. ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைப் பெருமையாகச் சொன்னால் மயங்காதே. இந்தியாவில் அந்த எண் இலவசமாகவே தரப்படுகிறது, அதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதிய கணமே உரிமை எழுதியவருடையது, பதிவு செய்யவேண்டிய கட்டாயம்கூட இல்லை. இன்னொன்று: பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கும் கவிதையை முகநூலில் போடாமல் வைத்திருங்கள். வேறெங்கும் வெளிவராதது என்ற உறுதிமொழியைப் பல இதழ்கள் கேட்கும்.

புத்தகம் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும், அதை நீங்களே செய்துகொள்ளலாம். நான்கு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் 16 பக்கம். முன்னட்டை, பின்னட்டை, உள்ளடக்கம் போக 13 பக்கம் மிஞ்சும். ஒரு வட்டத்துக்கு ஆளுக்கு ஒரு பக்கம், 14 பேர் வட்டத்தில் மட்டும் இரண்டு குறட்பா ஒரே பக்கத்தில். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும். ஜெராக்ஸ் கடையில் ‘புக்லெட்’ என்று கேட்டால் பக்க வரிசையை இயந்திரமே அமைத்துக்கொள்ளும், ஆனால் தாளைக் குறுகிய பக்கமாகத் திருப்பும்படி வைக்கச் சொல், இல்லையென்றால் பின்பக்கம் தலைகீழாக வரும். கோப்பைப் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோ, கடைக் கணினியில் உன் எழுத்துரு இருக்காது. முதலில் ஒரே ஒரு படி எடுத்து, ஒவ்வொரு கவிதையையும் அதை எழுதாதவர் ஒருவர் மெய்ப்புப் பார்க்கட்டும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மூன்று வட்டத்தின் பெயர்ப் பட்டியலையும் முதல் வார வாசகர்களையும் போட்டுவிடு. உன் கவிதையை முதல் வாரத்தில் வை. வாசகர்களாக உன்னைவிட நன்றாக எழுதுகிற மூவரைப் போடு.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து உன் அண்ணன்