அந்த 5,000 ரூபாயைக் கட்டாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சம்பளத்துக்கு மேலே கொஞ்சம் சம்பாதிக்க வழி தேடுகிறாய். செவ்வாய்க்கிழமை இரவு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மூன்று வீடியோவுக்கு லைக் போட்டதற்கு 150 ரூபாய் உன் கணக்கில் விழுந்திருக்கிறது. அடுத்த 'டாஸ்க்'குக்கு 5,000 கட்டினால் 6,500 ஆகத் திரும்பி வருமாம். கீழே "கட்டலாமா மாமா?" என்று ஒரு வரி. கட்டாதே என்று போனிலேயே சொல்லிவிட்டேன். மிச்சத்தை, உன் வயதில் இருக்கும் இன்னும் நான்கு பேர் கண்ணில் படட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை. உன் அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அந்த 150 ரூபாய் நிஜம்தான். தூண்டில் புழுவும் நிஜப் புழுதானே. 5,000 கட்டிய பிறகு திரையில் 6,500 என்று காட்டும், எடுக்க முடியாது. எடுப்பதற்கு இன்னும் 15,000 கட்டச் சொல்வார்கள், பிறகு வரி என்பார்கள். டெலிகிராம் குழுவில் "எனக்கு வந்துவிட்டது, நன்றி சார்" என்று எழுதுகிறவர்களும் அந்தக் கூட்டத்து ஆட்களே. ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்தால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்து அழைத்தால், அதற்குள் பணம் நாலைந்து கணக்கு தாண்டியிருக்கும். உன் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டும் யாராவது வருவார்கள். அதற்குச் சம்மதித்தால், யாரிடமோ திருடிய பணம் உன் பெயர் வழியாகப் போகும். போலீஸ் முதலில் தட்டுவது உன் கதவைத்தான்.

உன்னைக் கண்டிக்க எனக்கு அருகதை இல்லை. 2009-ல் வீட்டிலிருந்தே டைப் அடிக்கும் வேலை என்று ஒரு விளம்பரத்தைப் பார்த்து, 'திருப்பித் தரப்படும் முன்பணம்' 3,500 ரூபாய் கட்டியவன் நான். பதினைந்து இரவு உட்கார்ந்து அடித்துக் கொடுத்தேன். பிழை அதிகம் என்று மொத்தத்தையும் நிராகரித்தார்கள். முன்பணத்தைக் கேட்கப் போனபோது கதவில் பூட்டு தொங்கியது. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்டால் அங்கே விற்பனைக்கு இருப்பது நாம்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்து இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனேன். பயிற்சி வகுப்பு, தேர்வு, எல்லாம் முறையான தொழில். அதில் குற்றம் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். ஏழு பாலிசி எழுதினேன், அதில் நான்கு இரண்டாம் வருடமே நின்றுபோயின. கல்யாண வீட்டில் என்னைக் கண்டதும் பெரியத்தை பந்தி மாறி உட்கார்ந்தார். அதோடு விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சாப்பாடு டெலிவரிக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தாய். போகலாம், கௌரவமான வேலை. போகுமுன் ஒரு கணக்குப் போடு. நாலு மணி நேரத்தில் 60 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு 45 கொடுக்கும் உன் வண்டிக்கு 130 ரூபாய்க்கு மேல் பெட்ரோல். ஆயில், டயர், பிரேக் கட்டை எல்லாம் சீக்கிரம் தேயும். சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு ஓட்டும்போது விபத்து நடந்தால் கைவிரிக்கலாம். கைக்கு வந்ததில் இதையெல்லாம் கழித்து, கடை வாசலில் காத்து நின்ற நேரத்தையும் சேர்த்து நாலால் வகுத்துப் பார். வரும் எண் பிடித்திருந்தால் போ.

எனக்குச் சரியான பக்க வேலை தேடி வந்தது 2017 ஜூலையில். ஜிஎஸ்டி அமலுக்கு வந்த மாதம். தெருமுனை பெயிண்ட் கடைக்காரர் ஒரு மஞ்சப்பை நிறைய பில்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "நீங்கள் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர்தானே, இதை என்னவென்று பாருங்கள்" என்றார். பத்து வருடம் பகலில் நான் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் அவர் இரவில் கேட்டார். அதற்கு விலை உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மாதம் 800 ரூபாய் பேசினோம். அவர் சொல்லி அடுத்து எலெக்ட்ரிகல் கடை, அதன் பிறகு ஒரு மொத்த மளிகை. இன்றைக்கு ஆறு கடை, ஆறு பை.

சுகமான வேலை என்று நினைத்துவிடாதே. ஒவ்வொரு மாதமும் ஜிஎஸ்டி தளத்தில் 11-ஆம் தேதிக்குள் விற்பனைக் கணக்கு, 20-க்குள் வரி கட்டும் 3பி படிவம். நடுவில் 14-ஆம் தேதி வரும் 2பி அறிக்கையில், சரக்கு விற்றவர் தன் பில்லை ஏற்றியிருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஏற்றாவிட்டால் நம் கடைக்கு வரிவரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை, கிடைக்காது. அவரைப் போனில் துரத்துவதும் என் வேலை. ஒரு மாதம் காய்ச்சலில் படுத்து, ஒரு கடைக்கு ஒன்பது நாள் தாமதமாகிவிட்டது. நாளுக்கு 50 வீதம் 450 ரூபாய் அபராதம். தவறு என்னுடையது, அதனால் என் கையிலிருந்து கட்டினேன். அந்த மாதம் அந்தக் கடையில் எனக்கு நின்றது 350. கடைக்காரர் இன்று வரை வேறு ஆளிடம் போகவில்லை.

சரி, உன் கையில் என்ன இருக்கிறது? டிப்ளமோ மெக்கானிக்கல், ஐந்து வருடமாகக் கம்பெனியில் சரக்கை அளந்து பார்க்கும் குவாலிட்டி வேலை. மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியும், டிராயிங் படிக்கத் தெரியும், கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் ஆட்டோகேட் தெரியும். நம் கோவையில் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் இரண்டு லேத்து, ஒரு மில்லிங் போட்டு ஜாப் ஒர்க் செய்கிற பட்டறைகள் எத்தனை! உடைந்த பாகத்தைக் கொண்டுவந்து "இதேபோல் பத்து வேண்டும்" என்று கேட்கிறவர்கள் அங்கே தினமும் உண்டு. அதை அளந்து டிராயிங்காக மாற்றித் தரவும், அனுப்பும் சரக்குக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் தயாரிக்கவும் அந்த முதலாளிகளுக்கு நேரம் இல்லை. ஒரு டிராயிங்குக்கு இவ்வளவு என்று பேசி, வீட்டில் உட்கார்ந்து செய்.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. உங்கள் கம்பெனிக்குச் சரக்கு அனுப்பும் பட்டறையில் கால் வைக்காதே. பகலில் நீ பாஸ் போடுகிற சரக்குக்காரன் இரவில் உனக்குக் காசு கொடுத்தால், நீ எவ்வளவு நேர்மையாக அளந்தாலும் அதற்குப் பெயர் லஞ்சம்தான். அந்தப் பேச்சு வந்தால் வேலையோடு பேரும் போகும். கம்பெனி டிராயிங் ஒன்றுகூட உன் லேப்டாப்பில் இருக்கக் கூடாது. ஒரே நாளில் இரண்டு ஆலையில் ஷிப்ட் பார்ப்பதை 1948 தொழிற்சாலைச் சட்டமே தடுத்தது, அந்த யோசனையும் வேண்டாம். 2022-ல் விப்ரோ, போட்டிக் கம்பெனிக்கும் வேலை பார்த்த 300 பேரை வெளியே அனுப்பியது நினைவிருக்கும். உன் நியமனக் கடிதத்தில் 'வேறு பணி' என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று பார். இருந்தால் எழுத்தில் அனுமதி கேள். மறுத்தால் வேறு யோசிப்போம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்க உன்னால் முடியாதா என்ன?

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வா. 20-ஆம் தேதி தாண்டி வருகிற ஞாயிறாக இருக்கட்டும். அதுவரை எங்கள் கூடத்தில் ஆறு மஞ்சப்பையும் பரப்பிக் கிடக்கும், உன் அத்தையே சுவரோரமாகத்தான் நடக்கிறாள். அந்த 150 ரூபாயைத் திருப்பி அனுப்பப் பார்க்காதே. அந்த டெலிகிராம் குழுவைவிட்டு வெளியே வந்து, உன்னிடம் பேசியவர்களின் எண்ணை முடக்கிவிடு.

அன்புடன்,
மாமா