வீனஸ் சூடு 46 இல்லீங்க, 464

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர்ல வந்த கிரகங்கள் கட்டுரையில வீனஸோட வெப்பம் 46 டிகிரின்னு போட்டிருக்கு, அது 464 டிகிரி செல்சியஸ், கடைசி நம்பர் அச்சுல விழுந்துபோச்சு போல, தயவுசெஞ்சு ஒரு திருத்தம் போட்டுடுங்க. ஏன்னா 46-ன்னா, 2024 ஏப்ரல் 28-ம் தேதி நம்ம பர்மாவுல மக்வே பக்கம் சௌக்ல அடிச்ச 48.2 டிகிரிய விட வீனஸ் தேவலைன்னு ஆயிடும், திஞ்சான் தண்ணித் திருவிழா லீவுக்கு எல்லாரும் அங்க கிளம்பிடுவாங்க.

அச்சுப் பிழை போகட்டும், எனக்கு உறுத்துறது அந்தக் கட்டுரையோட கடைசி பாராதான். வீனஸ் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கு அதனால கொதிக்குது, செவ்வாய் தூரத்துல இருக்கு அதனால குளிருது, செவ்வாய் காத்துல 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தும் அது சூடாகல, அப்புறம் நம்ம காத்துல இருக்கிற துளியூண்டுக்கு எதுக்கு இந்தக் கூப்பாடுன்னு முடிச்சிருந்தாரு. என்கிட்ட டியூஷன் படிக்கிற பையன் ஒருத்தன் அத வெட்டி எடுத்துட்டு வந்து, அந்த 95-ஐச் சுத்தி பென்சில்ல வட்டம் போட்டு, "சயா (சார்), இதுக்கு என்ன சொல்றீங்க"ன்னு நீட்டினான். நல்ல கேள்விதான், அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல தூரம். சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிறது வீனஸ் இல்ல, மெர்க்குரி. அங்க பகல்ல 430 டிகிரி, ராத்திரி மைனஸ் 180. சூட்டப் பிடிச்சு வைக்க காத்தே இல்ல. வீனஸ்ல ராத்திரி பகல்னு சூட்டுல வித்தியாசமே கிடையாது, எப்பவும் கிட்டத்தட்ட அதே 464 தான். இன்னொரு வேடிக்கை, வீனஸ் மேல கந்தக அமில மேகம் மூடிக் கிடக்கு, அது வர்ற வெளிச்சத்துல முக்கால்வாசிய திருப்பி அனுப்பிடுது, கணக்குப் போட்டா ஒரு சதுர மீட்டருக்கு நம்ம பூமி உள்வாங்குறத விட வீனஸ் கம்மியாத்தான் வாங்குது! கிரீன்ஹவுஸ் எஃபெக்ட், அதாவது காத்துல இருக்கிற வாயு சூட்ட வெளிய விடாம பிடிச்சு வைக்கிறது, அது இல்லாம அந்த வெளிச்சம் மட்டும்னா வீனஸ் மைனஸ் 40-க்கும் கீழ இருக்கணும், பூமி மைனஸ் 18-ல நிக்கணும். நம்ம பூமி சராசரி 15-ல இருக்குன்னா அந்த 33 டிகிரி காத்து குடுத்தது, வீனஸ்ல காத்து குடுத்தது 500-க்கு மேல. ரஷ்யாக்காரங்க 1982-ல எறக்கின வெனேரா 13 விண்கலம் அந்தச் சூட்டுலயும், நம்மள மாதிரி 90 மடங்கு அழுத்தத்துலயும் 127 நிமிஷம் தாக்குப்பிடிச்சுது, அதுவே பெரிய சாதனை.

இப்ப செவ்வாய். பொதுவா எல்லாரும் சொல்ற பதில், அங்க காத்து ரொம்ப லேசு, 95 சதவீதம்னாலும் மொத்தத்துல கொஞ்சம்தான்னு. காத்து லேசுங்கறது சரி, பூமியில இருக்கிற அழுத்தத்துல ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா கொஞ்சம்தான்கிறது தப்பு. செவ்வாய்ல ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல நிக்கிற கார்பன் டை ஆக்சைடு 150 கிலோ கிட்ட வரும், பூமியில அதே 6 கிலோ சொச்சம். 20 மடங்குக்கு மேல வச்சுக்கிட்டும் அதுக்குக் கிடைச்ச சூடு வெறும் 5 டிகிரி சுமார்.

ஏன்னா இந்த வாயு எல்லா வெப்பக் கதிரையும் பிடிக்காது, குறிப்பிட்ட சில அலைநீளத்துலதான் பிடிக்கும். பூமியில சுத்தி நைட்ரஜன் ஆக்சிஜன் நெருக்கியடிச்சு மோதிக்கிட்டே இருக்கறதால வாயு பிடிக்கிற அந்த அலைநீளங்கள், கோடுகள்னு சொல்வாங்க, அகலமாயிடுது. செவ்வாய்ல மோதல் கம்மி, கோடு ஒல்லி, நடுவுல இருக்கிற சந்துல வெப்பம் சுளுவா ஓடிப்போயிடுது. ஒரே இடத்துல ஓட்டை விழுந்த கொசுவலைய எத்தன மடிப்பு அடுக்கினாலும் கொசு அந்த ஓட்டை வழியா வரத்தானே செய்யும். போதாததுக்கு சூரிய வெளிச்சமும் நமக்கு வர்றதுல பாதிகூட அங்க இல்ல, நீராவியும் இல்லைன்னே சொல்லலாம்.

நீராவி என்ன பண்ணும்னு ரங்கூன்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். ஜனவரியில பகல்ல 32 அடிச்சாலும் வானம் தெளிஞ்சு காத்து காஞ்சு கிடக்கறதால விடியக்காலைல 18 கிட்ட எறங்கிடுது, போத்திக்கிட்டுத்தான் டீக்கடைக்குப் போறோம். ஜூலைல பகல் 30 தான், ஆனா காத்துல நெறஞ்ச நீராவி சூட்டப் பிடிச்சு வைக்கறதால ராத்திரி 24-க்குக் கீழ எறங்க மாட்டேங்குது. காத்து ஒரு டிகிரி சூடானா 7 சதவீதம் கிட்ட கூடுதலா நீராவி தாங்கும். அதனாலதான் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துல 280 பங்குல இருந்து 420-க்கு மேல போனது துளியூண்டு விஷயமில்ல, அது கொஞ்சம் ஏத்தினா நீராவி அதுக்கு மேல ஏத்துது.

அதுக்காக நாளைக்கே பூமி வீனஸ் ஆயிடும்னு பயங்காட்டுறவங்களயும் நான் ஒத்துக்க மாட்டேன். வீனஸ் காத்துல இருக்கிற அளவுக்குக் கிட்டத்தட்ட கார்பன் நம்மகிட்டயும் இருக்கு, ஆனா அது பெரும்பாலும் பாறையா கிடக்கு. பாஆன் போனவங்க சுவெகபின் மலையப் பார்த்திருப்பீங்க, அது முழுக்க சுண்ணாம்புக்கல்லு, அதாவது கடல் பல கோடி வருஷமா காத்துல இருந்து வாங்கிப் பூட்டி வச்ச கார்பன். வீனஸ்ல கடல் இல்ல, பூட்டி வைக்க வழியில்ல. சிமெண்ட் பாக்டரியில நாம அந்தக் கல்லத்தான் சுட்டு, பூட்டினத மறுபடி தொறந்து விடுறோம். கட்டுரையாளர் அடுத்து அதப் பத்தி எழுதினா ரொம்ப நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
தாக்கேத்தா, ரங்கூன்.