உபதேசியாராக வாழ்ந்த எங்கள் பாட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பாட்டா (தாத்தா) சென்ற மாதம் தமது 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தங்கள் நாளிதழில் நாங்கள் கொடுத்த மரண அறிவிப்பில் அவருடைய வயதும், பிள்ளைகளின் விவரமும், அடக்க ஆராதனை நடக்கும் நேரமும் மட்டுமே இடம்பெற்றன. கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்துச் சிறிய சபைகளில், போதகருக்கு உதவியாகச் சபையை நடத்தும் உபதேசியாராக ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றி வேறெங்கும் எவரும் எழுதப் போவதில்லை என்பதாலும், அவரைப் போன்றோரின் வாழ்வும் இம்மாவட்டத்தின் வரலாறே என்று உறுதியாக நம்புவதாலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததும், 1818இல் மிஷனரி மீட் ஐயர் நாகர்கோவிலில் பணியைத் தொடங்கியதும் நம் சபை மலர்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளன. இங்கு கிறிஸ்தவத்தைத் தழுவிய முன்னோடிகளில் ஒருவரான மயிலாடி வேதமாணிக்கத்தின் பெயரும் நன்றியோடு நினைக்கப்படுகிறது. ஆனால் அவருக்குப் பின், ஓலைக் கூரை வேய்ந்த ஜெபக்கூடங்களில் விளக்கேற்றி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, நோயுற்றோர் வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் விழித்திருந்த உபதேசியார்களில் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று தெரியவில்லை.

பாட்டா 1929இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் பிறந்தவர். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோதும், 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் இளைஞராக இருந்தவர். அவர் ஊழியம் செய்த ஊர்களில் பனையேறும் குடும்பங்களே மிகுதி. அக்கானி (பதநீர்) இறக்கும் காலத்தில் விடியுமுன்னே பனைக்குப் போய்விடும் அவர்களுக்காக, கருப்பட்டி காய்ச்சி முடியும்வரை காத்திருந்து இரவில் வீட்டு ஜெபம் நடத்துவார். பனையிலிருந்து விழுந்தவர்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நெய்யூர் மருத்துவமனைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். 1838இல் தொடங்கப்பட்ட அந்த மருத்துவமனையில், 1922, 1924ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட மருத்துவர் சாமர்வெல் பணியாற்றிய நாட்களைப் பற்றி அவர் மிகுந்த மரியாதையோடு பேசுவார்.

உபதேசியார் சம்பளம் குடும்பத்துக்குப் போதாது. வீட்டைத் தாங்கியது தேன்பெட்டிகள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் முன்னின்று நடத்திய ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) கிராமப் புனரமைப்புப் பணியால் பரவிய தொழில் அது; 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கமும் ஏற்பட்டது. இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள் மீண்டும் தளிர்க்கையில் இலைக்காம்பில் ஊறும் தேனுக்காகப் பெட்டிகளைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்வார்கள். தேங்காய் நார்ப் புகையை மெல்லக் காட்டி, தேனடைச் சட்டத்தை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, ஒரு ஈகூட நசுங்காமல் அவர் திருப்பிப் பார்க்கும் பொறுமையை வேறு எவரிடமும் நான் கண்டதில்லை. ஆண்டின் முதல் குப்பித் தேன் முதற்பலனாக ஆலயத்துக்குப் போகும். ஆராதனை முடிந்து நடக்கும் ஏலத்தில், அதை எடுப்பதற்கென்றே பக்கத்து வீட்டு இந்துப் பெரியவர் ஆலய வாசலில் வந்து காத்திருப்பார்.

1991, 1992ஆம் ஆண்டுகளில் பரவிய சாக்புரூட் என்ற தேனீ நச்சுயிரி நோயில், ஈப்புழுக்கள் தேனடை அறைக்குள்ளேயே நீர்ப்பையாக ஊதி மடிய, எங்கள் பெட்டிகள் ஏறக்குறைய அனைத்தும் காலியாயின. ஊரில் பலர் பெட்டிகளை அடுப்பெரிக்கப் போட்டார்கள். பாட்டாவோ ஒவ்வொன்றையும் கழுவி, வெயிலில் காயவைத்து, தாழ்வாரத்தில் அடுக்கினார். நோய்க்குத் தப்பிய ஈக்கூட்டங்களைத் தேடிப் பிடித்து, சில ஆண்டுகளில் மீண்டும் பெருக்கினார். அவருடைய விசுவாசம் எப்படிப்பட்டது என்பதை எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தப் பெட்டிகளிடமிருந்தே நாங்கள் அறிந்துகொண்டோம்.

பெண்மக்கள் மூவரையும் ஆசிரியப் பயிற்சி வரை படிக்க வைத்தார். மகன்களின் திருமணத்தில் சீதனம் வாங்க மறுத்துவிட்டார். சீதனத்துக்காக நிலம் விற்ற குடும்பங்கள் ஏராளமாக உள்ள இம்மாவட்டத்தில், உறவினரின் மனத்தாங்கலையும் பொருட்படுத்தாமல் ஓர் ஏழை உபதேசியார் எடுத்த அந்த முடிவு எவ்வளவு பெரியது என்பதை இங்குள்ளோர் அறிவார்கள். எங்கள் பாட்டியும் அதில் அவருக்கு உறுதுணையாக நின்றார். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை குளச்சல் கரையைச் சூறையாடிய செய்தி வந்ததும், 75 வயதில், வீட்டிலிருந்த அரிசியையும் பெரிய அண்டாவையும் ஏற்றிக்கொண்டு சபை வாலிபர்களோடு புறப்பட்டார். அங்கிருந்தோர் கத்தோலிக்கர் என்பதோ நாங்கள் சி.எஸ்.ஐ. என்பதோ அன்று அவர் நினைவிலேயே இல்லை.

ஊழியம் செய்த ஒவ்வொரு சபையைப் பற்றியும் அவர் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்கள் எங்களிடம் உள்ளன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மட்டுமன்றி, பெருமழை பெய்த நாளும், வீடுதோறும் ஆலயத்துக்கென எடுத்துவைத்த பிடியரிசி சேர்ந்த அளவும், எந்த வீட்டில் யார் பசியோடிருந்தார் என்பதும் அதில் உண்டு. பழைய தாள்கள் பொடிந்து வருகின்றன. இத்தகைய குறிப்புகளும், அவற்றை எழுதியவர்களை நேரில் அறிந்த முதியோரும் மாவட்டத்தின் பல ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று பதிவுசெய்யும் ஒரு பகுதியைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாட்டாவின் நோட்டுகளைப் படியெடுத்துத் தர எங்கள் குடும்பத்தார் அனைவரும் சம்மதித்துள்ளோம்.

இப்படிக்கு,
உபதேசியாரின் பேத்தி,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.